பாய்மரத்துக்குள் ஓடும் கயிறு

விஜயநகர், மைசூர்
3 செப்டம்பர் 2024

டேவிஸ் அவர்களுக்கு,

என்னைப் பற்றிச் சொல்லப்படும் இரண்டு தவறான செய்திகளை முதலில் திருத்திவிடுகிறேன்.

ஆகஸ்ட் 25 ஞாயிற்றுக்கிழமை, கண்ணம்பாடி அணைக்கரையில் உள்ள படகுச் சங்கத்தில் நான் பாயை ஏற்றத் தெம்பில்லாமல் பாதியில் விட்டுவிட்டு அழுதேன் என்கிறார்கள். நான் அழவில்லை. வெயிலுக்குப் பூசியிருந்த களிம்பு வியர்வையோடு கண்ணில் இறங்கியது. தெம்பும் குறையவில்லை. எழுபத்து நாலு வயதில் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியை இன்றும் நானேதான் தூக்கிப் பார்க்கிறேன். பாய் முக்கால் உயரத்துக்கு முன்பே நின்றுபோனதற்குக் காரணம் என் கை அல்ல, பாய்மரத்துக்குள் ஓடும் கயிறு. சங்கத்துப் படகுக்காரர் தொட்டையன் என்னைவிட இருபது வயது இளையவர். அவர் இழுத்தபோதும் அதே இடத்தில்தான் நின்றது. "இதுக்கு மேல இழுத்தா மரமே கையோட வந்துருமுங்கம்மா" என்றார். அதை மட்டும் யாரும் வெளியே சொல்லவில்லை.

இரண்டாவது செய்தி நீங்கள் பரப்பியது. ஆறு வருடத்துக்கு முன் உங்கள் அண்ணனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று, "அண்ணிக்கு அந்தப் படகே ஆகாது. இனிமே அவங்களுக்கு நிம்மதி" என்றீர்கள். காது மந்தமானவர்கள் தாங்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஃபாதர் உட்பட எல்லாருக்கும் கேட்டது. எனக்கு அந்தப் படகு ஆகாமல் இருந்திருந்தால், ஏழு வருடம் ஞாயிறு பூசை முடிந்ததும் அவரோடு போய் அதன் முன்பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நனைந்திருக்க மாட்டேன்.

சமாதானம் பேசுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு ஒரு விவரம் தேவை. அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

சங்கத்தில் புது விதி போட்டிருக்கிறார்கள். கொட்டகையில் படகு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நவம்பர் 10-ஆம் தேதி தங்கள் கையாலேயே பாயை ஏற்றி, மிதவையைச் சுற்றி வந்து காட்ட வேண்டும். துணைக்கு ஒருவர் படகில் இருக்கலாம், ஆனால் பாயைத் தொடக் கூடாது. முடியாதவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். செயலாளர் சௌம்யா நல்ல பெண். "ஆன்ட்டி, உங்களுக்காக இல்ல, ஜெனரல் ரூல்" என்றாள். அவள் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னதால் அது எனக்காகத்தான் என்று தெரிந்துகொண்டேன்.

ஒன்பதாம் எண் இடத்துக்கு மேல் 'எஸ். சூசைநாதன்' என்று எழுதிய பலகை இன்னும் தொங்குகிறது. ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவருக்கு அங்கே ஒரு பலகையும் இல்லை. மைசூரில் அவர் பெயர் எழுதியிருப்பது இரண்டே இடத்தில். ஒன்று கல்லறை. மற்றதைக் கழற்ற விட மாட்டேன். "யாருக்காவது கொடுத்துடும்மா" என்கிறாள் நிம்மி. என் மகளாக இருந்தும் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாள்.

1996 டிசம்பரில் லீவில் வந்திருந்தபோது, வெளியே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கயிற்றை மரத்துக்குள் விட்டவர் நீங்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். ஆகவே கேட்கிறேன்:

உச்சியில் எந்த அளவுக் கப்பி போட்டீர்கள்? கயிறு உள்ளே எந்த வழியாக வருகிறது? கீழே வெளியே வரும் துளையின் விளிம்பைத் தேய்த்து மழுக்கினீர்களா? உள்ளே வேறு எதையாவது வைத்தீர்களா?

உங்களோடு போனில் பேசுவது இருவருக்கும் பயன்படாது. எழுதுங்கள்.

ஜெசிந்தா சூசைநாதன்

*

தூத்துக்குடி
11 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இயேசுவுக்குப் புகழ்.

கவரின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே லிசா, "அப்பா, மைசூர் பெரியம்மா! யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டாள். பிரித்தால் பரீட்சைத் தாள். நாலு கேள்வி, எல்லாவற்றுக்கும் விடை கட்டாயம்.

'டேவிஸ் அவர்களுக்கு', 'நீங்கள்' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வந்த நாளில் என்னைப் பார்த்து, "டேய், செருப்பைக் கழற்றிட்டு உள்ளே வா" என்றவர் நீங்கள். சரி, இருக்கட்டும்.

விடைகள். கப்பி இரண்டு அங்குலம், நைலான். உச்சியில் கப்பி மேல் ஏறி, மரத்தின் உள்கூட்டில் நேரே இறங்கி, கீழே இடுப்பு உயரத்தில் இருக்கும் துளை வழியாகக் கயிறு வெளியே வருகிறது. துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கினேன், விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே கயிற்றைத் தவிர எதையும் வைக்கவில்லை. கப்பல் என்ஜின் ரூமில் இருபத்தாறு வருடம் இருந்தவன், ஒரு குழாய்க்குள் எதையாவது மறந்து வைத்துவிட்டு வருவேனா?

இங்கே தோணிக்காரர்கள் பாய் ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்பார்கள். ஆஞ்சான் இறுகுகிறது என்றால் பழி முதலில் பாய்க்குத்தான். ஆகவே பாயையும் கயிற்றையும் பிரித்து விசாரியுங்கள். பாயைக் கழற்றிவிட்டு வெறும் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அதற்கு முன் பாய் மாட்டும் முனையில் ஒரு துணிக்கொடிக் கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முனை உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அதை இறக்க மரத்தையே சாய்க்க வேண்டும். வெறும் கயிறு லேசாக ஓடினால் தப்பு பாயின் ஓரம் ஓடும் பள்ளத்தில். அப்போதும் கனத்தால் தப்பு கப்பியிலோ மரத்துக்கு உள்ளேயோ.

எண்ணெய் கிண்ணெய் எதுவும் போட்டுவிடாதீர்கள்.

கல்லறை வாசலில் சொன்னதைப் பற்றி. சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. அண்ணன் போனதில் வாயில் வந்தது. ஆனால் நீங்கள் அந்தப் படகை எப்போதும் குறைதான் சொன்னீர்கள். கயிற்றை உள்ளே விட்ட நாளிலிருந்து, "சத்தம், சத்தம்" என்று அவரைப் பாடாய்ப் படுத்தினீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. படகைப் பிடிக்காமல் ஒரு சாக்கு சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
டேவிஸ்

பின்குறிப்பு: மஃப்ளர் விஷயத்தை நீங்கள் எழுதாதது ஆச்சரியம்.

*

விஜயநகர், மைசூர்
19 செப்டம்பர் 2024

டேவிஸ் அவர்களுக்கு,

விடைகள் கிடைத்தன. மூன்று சரி. நாலாவதை இன்னும் திருத்தவில்லை.

எண்ணெய் பற்றிய உங்கள் எச்சரிக்கை தாமதம். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே தொட்டையன் நல்லெண்ணம் காரணமாக ஒரு கை கடலை எண்ணெய் தடவிவிட்டார். கயிறு கறுத்து, தூசி ஒட்டி, பஜ்ஜி கடை வாசனை அடிக்கிறது.

நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தேன். பாயில்லாத வெறும் கயிறும் தொடக்கத்திலிருந்தே கனமாகத்தான் வருகிறது. பிறகு ஓரிடத்தில் அடியோடு நிற்கிறது. தளர்த்தினால் எளிதாகத் திரும்புகிறது. மறுபடி இழுத்தால் மறுபடி நிற்கிறது. ஆக, பாய் குற்றமற்றது. மேற்கொண்டு என்ன செய்வது என்று எழுதவும்.

மஃப்ளர் விஷயத்தை நான் எழுதாததற்குக் காரணம், எழுதிப் பயனில்லை என்று 1997-லேயே தெரிந்துகொண்டதுதான். நீங்களே எடுத்தீர்கள், ஆகவே சொல்கிறேன். ஆறடி நீளம், கருநீலக் கம்பளி. கான்வென்ட்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த முறையில் இரண்டு மாதம் பின்னினேன். அவர் ஒரு குளிர்காலம் கட்டியிருப்பார். நீங்கள் லீவு முடிந்து கப்பலுக்குப் போன அதே மாதத்தில் அதுவும் போய்விட்டது. அவரிடம் கேட்டால், "வந்துடும், விடு" என்று சிரிப்பார். தம்பியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத சிரிப்பு. வட கடல்களில் குளிர் என்றால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னொன்று பின்னியிருப்பேன்.

சத்தத்தைப் பற்றி. அது சாக்கு அல்ல. நீங்கள் லீவில் வந்து நின்றது மூன்று வாரம். நான் அந்தக் கரையில் உட்கார்ந்தது பல வருடம். அவர் தனியாகப் போகும் ஞாயிறுகளில் நான் நாவல் மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டுக் கணக்குத் தாள் திருத்துவேன். படகு கரைக்கு வந்து கட்டியதும் ஆரம்பிக்கும். காற்று அடிக்க அடிக்க, அந்த அலுமினியக் குழாய்க்குள் கயிறு மோதி, டக், டக், டக் என்று, யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது போல. கூட்டல் தவறிப்போகும். நாற்பத்திரண்டு பிள்ளைகளின் மதிப்பெண் அது. ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன்: "இந்தத் தட்டலோட என்னால திருத்த முடியாது. இனிமே நீங்க தனியாவே வாங்க."

அவர் பூரி மசாலைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

ஆனால் அதற்குப் பிறகும் நான் போனேன். சத்தமும் ஒரு மாதத்தில் நின்றுபோனது. ஆகவே நான் படகைக் குறை சொன்னேன் என்பது முழு உண்மை இல்லை.

ஜெசிந்தா

*

தூத்துக்குடி
27 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடலை எண்ணெய்! தொட்டையனுக்கு என் வணக்கம். அடுத்த தடவை வெங்காயமும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோபம் வேண்டாம், காரியத்துக்கு வருகிறேன். இறுக்கம் ஒரே இடத்தில் இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடத்தில் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

மரத்தைச் சாய்த்துக் கப்பியைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆறு வருடம் கொட்டகையில் கிடந்ததில் குளவி மண் வைத்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, ஈரப்பசை இல்லாத டெஃப்லான் ஸ்ப்ரே அடியுங்கள். கிரீஸ் கூடாது, தூசியைப் பிடித்து மாவாகிவிடும். கயிறு எண்ணெயில் ஊறிவிட்டது, அதோடு பழசாகி உப்பியும் இருக்கும். அதே நீளத்தில் ஒரு அளவு மெல்லிய புதுக் கயிறு வாங்குங்கள். பாய் ஓடும் பள்ளத்தில் ஒரு மெழுகுவத்தியைத் தேயுங்கள்.

புதுக் கயிறு மாற்றும்போது கவனம். பழையதை உருவிவிட்டுப் புதியதை நுழைக்கலாம் என்று நினைத்தால் இருபத்திரண்டு அடிக் குழாயில் வழியே கிடைக்காது. பழையதன் முனையோடு புதியதன் முனையை, முட்ட வைத்து, ஊசி நூலால் தைக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் கப்பியில் மாட்டும். தையல் மட்டமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். பிறகு பழையதை இழுக்க, புதியது தானாக உள்ளே போகும். உங்களுக்குத் தையல் சொல்லித்தர எனக்கு என்ன தகுதி?

மஃப்ளரை நான் எடுக்கவில்லை. இருபத்தேழு வருடமாகச் சொல்கிறேன். என் தாய் மேல் ஆணை. அவர் அண்ணனுக்கும் தாய்தான், ஆகவே அண்ணன் மேலும் அந்த ஆணை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூரி மசால் படித்தேன். அண்ணன் அப்படித்தான். பதில் சொல்லாமல் எதையாவது செய்துவிடுவார்.

டேவிஸ்

*

விஜயநகர், மைசூர்
7 அக்டோபர் 2024

டேவிஸ்,

சுருக்கமாக எழுதுகிறேன். தசரா கூட்டத்தில் தபால் பெட்டி வரை நடப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

மரத்தைச் சாய்த்தோம். கப்பியில் குளவி மண் இருந்தது. கழுவி, நிம்மி வரவழைத்துக் கொடுத்த ஸ்ப்ரேயை அடித்தேன். இப்போது ஒரு விரலால் தட்டினால் சுற்றுகிறது. பள்ளத்தில் மெழுகுவத்தி தேய்த்தாயிற்று. வீட்டில் இருந்தது வேளாங்கண்ணியிலிருந்து வந்த மந்திரித்த மெழுகுவத்தி மட்டும்தான். தேய்க்கலாமா என்று ஃபாதரைக் கேட்டேன். கடைக்குப் போய் வேறு வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கினேன்.

புதுக் கயிற்றை இன்னும் மாற்றவில்லை. பழையதைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் துடைத்தேன். ஏனென்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் அதை உருவ எனக்கு விருப்பமில்லை.

இப்போது கயிறு நன்றாக ஓடுகிறது. பட்டுப் போல. ஆனால் அந்த ஒரே இடத்தில் அப்படியே நிற்கிறது. கீழ்த் துளைக்கு நேராகக் கயிற்றில் சிவப்பு நூல் கட்டிவிட்டு, நின்றதும் தையல் டேப்பால் அளந்தேன். முதல் முறை பதினாலு அடி இரண்டு அங்குலம். இரண்டாம் முறை பதினாலு அடி இரண்டு அங்குலம். மூன்றாம் முறை பதினாலு அடி ஒன்றரை அங்குலம். அப்போது தொட்டையன் பேசிக்கொண்டிருந்தார்.

முழு உயரத்துக்கு ஆறு அடிக்குக் குறைவாகத்தான் பாக்கி. இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை. சௌம்யா நேற்று கொட்டகையில் டேப்பை வைத்துக்கொண்டு ஒன்பதாம் எண் இடத்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஜெசிந்தா

*

தூத்துக்குடி
14 அக்டோபர் 2024

அண்ணி,

உங்கள் அளவைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என்ஜின் ரூமில் எனக்கு ஒரு உதவியாளர் இப்படி அளந்து தந்ததில்லை.

கேளுங்கள். உராய்வு என்றால் வழி முழுக்க இருக்கும், அல்லது இழுக்க இழுக்கக் கூடும். எத்தனை தடவை இழுத்தாலும் ஒரே அளவில் நிற்பது உராய்வு இல்லை. கயிற்றோடு ஏதோ ஒன்று பயணம் செய்கிறது. பாய் மேலே போகும்போது மரத்துக்குள் இருக்கும் கயிறு கீழே வருகிறது, இல்லையா? அதோடு ஒட்டிக்கொண்டு அந்தப் பொருளும் கீழே வருகிறது. துளைக்கு வந்ததும் வெளியே வர முடியாமல் அடைத்துக்கொள்கிறது. நீங்கள் தளர்த்தினால் அது மறுபடி பதினாலு அடி மேலே போய் நிற்கிறது. சின்னப் பொருளாக இருந்தால் துளை வழியாக வந்திருக்கும். பெரிய பொருளாக இருந்தால் ஓடியிருக்காது. மெத்தென்று இருக்க வேண்டும்.

குளவிக் கூடு இல்லை, அது உடைந்துவிடும். எலி இல்லை, அது மரியாதையாக நாறும்.

நான் எதையும் வைக்கவில்லை. 1997 ஜனவரி 9 நான் கப்பல் ஏறினேன். அதற்குப் பிறகு அந்த மரத்தைத் திறக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான்.

மரத்தின் அடியில் ஒரு மூடி இருக்கிறது, நாலு ஸ்க்ரூ. மரத்தைச் சாய்த்து அதைக் கழற்றுங்கள். கயிற்றை இழுத்து, பொருளைத் துளை வரை வரவழைத்து, அடிப்பக்கமாக ஒரு கம்பிக் கொக்கியால் வெளியே எடுங்கள். அதற்கு முன் புதுக் கயிற்றைத் தைத்துவிடுங்கள். அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள், வழி போய்விடும்.

என்ன வருகிறது என்று எழுதுங்கள். லிசா தினமும் தபால்காரரை மறித்துக் கேட்கிறாள்.

டேவிஸ்

*

விஜயநகர், மைசூர்
27 அக்டோபர் 2024

டேவிஸ்,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நேற்று காலை பத்து மணிக்கு மரத்தைச் சாய்த்தோம். தொட்டையன் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். நான் இரண்டு கயிற்று முனைகளையும் முட்டவைத்து, மெழுகு தேய்த்த நூலால் தைத்தேன். சுற்றிலும் பதினெட்டுத் தையல். சிஸ்டர் பார்த்திருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

தொட்டையன் இழுத்தார். பதினாலு அடி இரண்டு அங்குலத்தில் நின்றது. கொக்கியை உள்ளே விட்டுத் துழாவினார். "மெத்துனு இருக்குதுங்கம்மா. பூனைக்குட்டியாட்ட இருக்குது" என்றார். பிறகு, "வருது, வருது" என்றார். அப்புறம் அதை என் கையில் கொடுத்தார்.

கருநீலம்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அழுக்கேறி, ஈரம் காய்ந்து காய்ந்து கம்பளி தகடாக இறுகியிருந்தது. ஒரு கை நீளத்துக்குச் சுருட்டி, தார் நூலால் சுற்றித் தைத்திருந்தது. எவ்வளவு மோசமான தையல், ஒன்றுக்கொன்று அரை அங்குலம். அவர் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொண்டால் இப்படித்தான் தைப்பார். அப்படி மூன்று சுருள்கள் வந்தன. மூன்றையும் ஒரு மெல்லிய கயிற்றில் இடைவெளி விட்டுக் கோத்து மரத்துக்குள் தொங்கவிட்டிருக்கிறார், கயிறு குழாயில் மோதாமல் இருக்க. அந்த மெல்லிய கயிறு இத்தனை வருடத்தில் இற்றுப்போய், நடுச் சுருள் மட்டும் பாய்க் கயிற்றில் சிக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறது.

கடைசிச் சுருளைப் பிரித்தேன். ஓரத்தில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. பின்னும்போது நான் செய்த பிழை. இரண்டு வரிசை தாண்டிப் பார்த்துவிட்டு, பிரிக்கச் சோம்பல்பட்டு, உள்பக்கம் மடித்துத் தைத்து மறைத்திருந்தேன். அந்தப் பிழை எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆக, சத்தம் ஒரு மாதத்தில் தானாக நின்றுபோகவில்லை. பத்து வருடத்துக்கு மேல் நாவல் மரத்தடியில் அமைதியாக உட்கார்ந்து தாள் திருத்தினேன். எப்படி நின்றது என்று ஒரு நாளும் அவரைக் கேட்கவில்லை. கூட்டல் சரியாக வந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மஃப்ளரை நீங்கள் எடுக்கவில்லை. இதை எழுத்தில் தருகிறேன். நீ எடுக்கவில்லை, டேவிஸ்.

கல்லறை வாசலில் நீ சொன்னதையும் யோசித்தேன். எனக்கு அந்தப் படகு ஆகாது என்றாய். முதல் கடிதத்தில் அதைத் தவறு என்று எழுதினேன். பாதி தவறு, பாதி சரி. படகு எனக்குப் பிடித்ததே இல்லை. தண்ணீரும் பயம், நீச்சல் தெரியாது. தூரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாக இருந்தது திரும்பி, பெரிதாகி, அவர் முகம் தெரியும் இடம் வரை வருமே, அதுதான் எனக்குப் பிடித்தது. அதற்காகத்தான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். பிறகு கரையில் காத்திருக்க முடியாமல் படகிலேயே ஏறிக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இது கடிதம் என்பதால் எழுதுகிறேன்.

ஒரே ஒரு குறை. அவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். உன்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாரே, அதற்காக இன்று காலை கல்லறைக்குப் போய் அவரைத் திட்டிவிட்டு வந்தேன்.

ஜெசிந்தா

*

தூத்துக்குடி
3 நவம்பர் 2024

அண்ணி,

லிசா வாய்விட்டு வாசித்தாள், நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருநீலம் என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். நானே வாங்கிப் படித்தேன்.

நானும் ஒன்றை எழுத்தில் தர வேண்டும். 1996-லேயே எனக்குக் காது பாதி போயிருந்தது. என்ஜின் ரூமில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டிலும் சொல்லவில்லை. நீங்கள் சத்தம் என்று சொன்னபோது நான் பாய்மரத்தின் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்காத சத்தம் உலகத்தில் இல்லை என்று முடிவு கட்டினேன். அதை வைத்துத்தான் ஆறு வருடத்துக்கு முன் வாசலில் அப்படிப் பேசினேன்.

அண்ணனுக்கு இரண்டு பேர் விஷயமும் தெரிந்திருக்கும். உங்கள் சத்தத்தை மஃப்ளரால் அடைத்தார். என் காதைப் பற்றிக் கடைசி வரை வாய் திறக்கவில்லை. அப்படி இருந்துவிட்டுப் போனார்.

பத்தாம் தேதி காற்றுக்கு நேரே படகை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். பாதியில் மூச்சு வாங்கினால், பாய்மரத்தின் அடியில் கயிறு கட்டும் கொம்பில் ஒரு சுற்று சுற்றிவிட்டு நில்லுங்கள். அது தோல்வி இல்லை. நாங்களும் அப்படித்தான் செய்வோம்.

டேவிஸ்

*

விஜயநகர், மைசூர்
11 நவம்பர் 2024

அன்புள்ள டேவிஸுக்கு,

பாய் ஏறியது.

பத்தே கால் மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். தொட்டையன் துணைக்கு ஏறி, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். கரையில் இருபது பேராவது நின்றிருப்பார்கள். நிம்மி ஹெப்பாளிலிருந்து ஆபீஸ் தோழிகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள், நான் விழுந்தால் தூக்குவதற்கு என்று நினைக்கிறேன். பதினாலு அடி இரண்டு அங்குலம் வந்ததும் என் கை தானாகவே நின்றுவிட்டது. மரம் அல்ல, நான்தான் நின்றேன். அந்த இடத்தில் நிற்பது பழகிப்போயிருந்தது. நீ சொன்னபடி கொம்பில் ஒரு சுற்று சுற்றிவிட்டு மூச்சு வாங்கினேன். கரையில் யாரோ கன்னடத்தில் "சாக்கு ஆன்ட்டி, சாக்கு" என்றார்கள். போதுமாம். அதற்கப்புறம் மிச்சத்தை ஒரே இழுப்பில் ஏற்றினேன்.

மிதவையைச் சுற்றி வந்தேன். சுற்று கொஞ்சம் அகலமாகப் போய்விட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். சௌம்யா பதிவேட்டில் எழுதி என் முன்னாலேயே கையெழுத்துப் போட்டாள். ஒன்பதாம் எண் பலகை இருக்கும். பெயின்ட் மங்கியிருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முன் புதுப்பித்துத் தருகிறேன் என்றாள். 'சூ'வைத் தவறாக எழுதிவிடுவாளோ என்று நானே எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

படகைக் கட்டிவிட்டு நாவல் மரத்தடியில் உட்கார்ந்தேன். காற்று எழுந்தது. பாய்மரத்துக்குள் கயிறு தட்ட ஆரம்பித்தது. டக், டக், டக். அதே சத்தம். கம்பளியை எடுத்துவிட்டோம் அல்லவா. தொட்டையன் ஓடி வந்தார். "கயித்த இழுத்து இந்தப் பக்கமா கட்டிப்போடட்டுங்களா அம்மா? சத்தம் நின்னுரும்." அவ்வளவுதானாம். ஒரு சின்னக் கயிற்றால் இழுத்து ஓரமாகக் கட்டினால் போதுமாம். உங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. ஒருவருக்குச் சத்தமே கேட்கவில்லை, மற்றவர் மஃப்ளரை வெட்டினார்.

கட்ட வேண்டாம் என்று சொன்னேன். திருத்த வேண்டிய தாள் இப்போது என்னிடம் இல்லை. வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று சுருளையும் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்து, நிழலில் உலர்த்திவிட்டேன். பாதிக் கம்பளி உதிர்ந்துவிட்டது. தேறிய பாதியோடு புது நூல் சேர்த்தால் ஒரு மஃப்ளர் வரும். இருபத்தேழு வருடம் உன் கழுத்தில் கட்டியிருந்த பழிக்குப் பதிலாக அதை உனக்குப் பின்னிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை விட்டுப்போகும் கண்ணியைப் பிரித்துத்தான் மேலே போவேன்.

தூத்துக்குடியில் மஃப்ளருக்கு வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். டிசம்பர் கடைசியில் அணைக்கரையில் காலை ஒன்பது மணிக்குக் கட்டாயம் தேவைப்படும். படகில் துணைக்கு ஒருவர் உட்கார இடம் இருக்கிறது. தொட்டையனுக்குக் கிறிஸ்துமஸ் வாரம் தன் ஊரான ராமாபுரம் போக வேண்டுமாம். கயிறு தட்டுவது உனக்குக் கேட்காது. பாய்மரத்தின் மேல் கையை வைத்துப் பார், தெரியும். நேற்று நான் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன்.

சேர்க்கும் நூல் கருநீலமா, சாம்பலா? லிசாவையும் அழைத்துக்கொண்டு எந்தத் தேதியில் வருகிறாய்? இரண்டுக்கும் பதில் வேண்டும். லிசாவை விட்டுப் போன் செய்யச் சொல்லாதே. உன் கையால் எழுதி அனுப்பு.

அண்ணி
ஜெசிந்தா